மூணு நாப்பத்தொண்ணுக்கு முன்னாடி

ஏழாம் நம்பர் லயம், கீழ் டிவிசன்,
பொகவந்தலாவை.
2026 மே 24, ஞாயித்துக்கிழமை

அன்பு மகள் பிரேமினிக்கு,

அப்பா எழுதிக்கிறது. நானும் உங்கம்மாவும் ஏதோ நடமாடிக்கிட்டு, ரெண்டு வேளை சோறு ஒரு வேளை ரொட்டின்னு உடம்புக்குப் பெருசா ஒண்ணும் இல்லாம இருக்கோம், அதே மாதிரி நீயும் அந்த சைப்ரஸ் தேசத்துல நோய்நொடி அண்டாம, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நீ வேலைக்கு நின்னு பாத்துக்கிற அந்த வயசான அம்மாவும் உன்னப் படுத்தி எடுக்காம இருக்கணும்னு நம்ம மாரியம்மாளக் கும்பிட்டுக்கிட்டு எழுத ஆரம்பிக்கிறேன். போன் இருக்கையில இந்த மனுசனுக்கு எதுக்குக் கடுதாசின்னு நீ நெனைப்ப. போன்ல நான் தம்பி பேர எடுத்தாலே நீ சரிப்பா அந்தம்மா கூப்பிடுறாங்கன்னு வச்சிடுற. தாளுன்னா கோபத்துல தூக்கிப் போட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். கினிகத்தேனை ஊர்ப் பிள்ளை ஒண்ணு வர்ற வாரம் அந்தப் பக்கமே வேலைக்கு வருதாம், அது கையில இதையும் ஒரு பென்டிரைவையும் குடுத்து விடுறேன். பென்டிரைவ அவசரப்பட்டுப் போட்டுக் கேக்காத தாயி, முதல்ல இதப் படிச்சு முடி.

இங்க மழை இந்த வருசம் முன்னாடியே பிடிச்சிருச்சு. காம்பராக் கூரையில ரெண்டு தகரம் மாத்தினோம், வாசப்பக்க இஸ்தோப்பு மட்டும் இன்னும் ஒழுகுது, சட்டி வச்சிருக்கோம். உங்கம்மா இன்னமும் கொழுந்து எடுக்க மலைக்குப் போறா, முட்டி வலிக்குதுன்னு ராத்திரி எண்ணெய் தேய்க்கிறது, காலையில பெரட்டுக்கு ஆள் கூட்டுற சங்கு ஊதினா வலி எங்க போகுமோ தெரியல, மொத ஆளாப் போய் நிக்கிறது. நான் தேயிலை ஸ்டோர்ல இருந்து ஓய்வு வாங்கி ஒரு வருசம் ஆகப்போகுது, ஆனாலும் கொழுந்து அரைக்கிற ரோலரு முக்கினா பழனியாண்டி அண்ணனக் கூப்பிடுன்னு இப்பவும் ஆள் வந்து நிக்குது, முப்பத்திரண்டு வருசம் அந்த மோட்டரோட குடும்பம் நடத்தினவன் ஆச்சே. நீ குளிருக்கு ரெண்டு காலுறை போடு, ஈரத் தலையோட படுக்காத, ஒரு நேரச் சாப்பாட்ட டீயில ஓட்டாத. போட்டோல பாத்தா உன் கழுத்தெலும்பு தெரியுதுன்னு உங்கம்மா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டா.

சரி, சுத்தி வளைச்சது போதும். நீ ஏன் ரெண்டு வருசமா வீட்டுக்கு வரல, லீவு கெடைக்கலன்னு ஏன் பொய் சொல்ற, எல்லாம் எனக்குத் தெரியும். மண்ணு சரிஞ்ச அன்னைக்குச் சாயந்திரம் மூணு நாப்பத்தொண்ணுக்கு நீ போன் போட்டு, அம்மாவுக்குப் பிரசர் மாத்திரை முடிஞ்சிருச்சாம் கடைக்குப் போய் வாங்கிட்டு வாடான்னு தம்பி பிரதாப்கிட்ட சொன்ன. சரிக்கா போறேன்னான். அடுத்த ஆறு நிமிசத்துல கடைப் பாதை வளையுற அந்த முடக்குல மலை இறங்கி அவன மூடிருச்சு. நீ போன் பண்ணலன்னா புள்ள வீட்டுக்குள்ள கிட்டார் தட்டிக்கிட்டு இருந்திருக்கும், உன் போனுதான் அவன வெளிய இழுத்துச்சுன்னு நீயும் நம்புன, லயமே நம்புச்சு. உங்கம்மா பொணம் கெடக்கையில போன்லயே உன்னப் பாத்து, நீதான்டி என் புள்ளையக் கொன்னன்னு அந்த வார்த்தையச் சொன்னா. கருமாதி அன்னைக்கு நான் மொட்டத் தலையோட குந்தியிருக்கேன், பக்கத்துல நாலு பேர் அக்காக்காரி போன்தான் எமனா வந்துச்சுன்னு பேசுறாங்க, நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அது அப்படி இல்ல மகளே. அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி, ஆனா வரிசையாச் சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஆரம்பிச்சது உங்கம்மா. பிரதாப் போனதுல இருந்து அவன் கட்டில் போட்டது போட்டபடி, அவன் கம்பியூட்டர் துணி போட்டு மூடினபடி அந்த உள் காம்பராவுல அப்படியே இருக்கு, கிட்டார மட்டும் உங்கம்மா எடுத்துச் செவத்து ஆணியில மாட்டி வச்சிருக்கா. தை மாசம் போல ஒரு நாள் உங்கம்மா வந்து, மத்தியானத்துல கிட்டார் தானாச் சத்தம் குடுக்குதுங்கன்னா. போடி பைத்தியக்காரின்னேன். மறுநாளும் சொன்னா, பிறகு தினமும் சொன்னா. மெல்லிசா ரெண்டு கம்பி முனகுதாம், அவன் வாசிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி சும்மா தட்டிப் பாப்பானே அது மாதிரியாம். கொழுந்து லொறி ஏத்தத்துல ஏறுறப்ப செவுரே அதிருது, அதுல கம்பி அதிராமயா இருக்கும்னு விளக்கிச் சொன்னேன். லொறி வராத நாளும் கேக்குதுன்னா. கரண்ட் வேலை பாத்தவனுக்கு இந்தப் பேச்செல்லாம் ஆகாது, எனக்குக் கோபம் வந்துருச்சு. சரி, அந்தக் கிட்டார கம்பியூட்டர்ல மாட்டி ஒரு பகல் பூரா ரெக்கார்ட் பண்ணிக் காட்டுறேன், ஒரு சத்தமும் இல்லன்னு உன் காதாலயே கேட்டுட்டு அடங்குன்னு சவால் விட்டேன். என் கிரகம் அந்த வாயில இருந்துச்சு.

நான் மாட்டின லட்சணத்தக் கேட்டா நீயே சிரிப்ப. கிட்டார் வயரோட முனை பெருசு, கம்பியூட்டர்ல மைக்குக்குன்னு இருக்கிற ரோஸ் கலர் ஓட்டை சின்னது. பெரிய முனைய சின்ன ஓட்டைக்கு ஏத்த ஒரு ஜொயின்ட் தேடிப் போட்டேன், கொசு முனகுற மாதிரி இருந்துச்சு. ஹட்டன்ல சவுண்ட் செட் வாடகைக்கு விடுறானே தனுஷன், தம்பியோட கூட்டாளி, அவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னான், மாமா அந்த ஓட்டையில மாட்டாதீங்க, அக்கா லீவுல வந்தப்ப அவனுக்குக் கொண்டாந்த சிவப்புப் பெட்டி இருக்கும் பாருங்க, கிட்டார் வயர அந்தப் பெட்டியில சொருகுங்க, பெட்டியோட யு.எஸ்.பி வயரக் கம்பியூட்டர்ல சொருகுங்க, ரெக்கார்ட் பண்ற புரோகிராமத் தொறந்து எங்க இருந்து எடுக்கணும்னு கேக்கிற இடத்துல அந்தப் பெட்டியத் தேர்ந்தெடுங்க, கம்பியத் தட்டினா பெட்டியில பச்சை லைட் எரியணும், சிவப்பு எரிஞ்சா குமிழக் குறைங்க, ஸ்பீக்கர் வேணாம் ஹெட்போன்ல கேளுங்கன்னு ஒண்ணொண்ணாச் சொன்னான். நீ வாங்கிக் குடுத்த பெட்டிம்மா, தூசி கூடப் படாம உங்கம்மா அவன் கைக்குட்டையில சுத்தி வச்சிருந்தா.

அதுக்கு முன்னாடி நான் எர்த் போட்டேன். இது முக்கியம், கவனமாக் கேளு. நம்ம லயத்து லைனுக்கு ஒழுங்கான எர்த் கெடையாது, அதனால கம்பியூட்டர்ல மாட்டின கிட்டார்க் கம்பியத் தொட்டா விரல்ல சுள்ளுன்னு கடிக்கும். பிரதாப் எத்தனையோ தடவ சொன்னான், அப்பா ஒரு எர்த் கம்பி அடிச்சுக் குடுங்கப்பான்னு. நாளைக்கு நாளைக்குன்னு ஓட்டினேன். ஊரு மோட்டருக்கெல்லாம் எர்த் பாக்கிறவன் சொந்தப் புள்ளைக்குப் பாக்கல. இப்ப ரெண்டு வருசம் கழிச்சு இஸ்தோப்புக்கு வெளிய ஈர மண்ணுல ஆறடிக் கம்பி அடிச்சு வயர் இழுத்தேன். எர்த் சரியா இருக்கான்னு பாக்க மீட்டர் வேணும், ஓய்வு வாங்கையில என்கிட்ட இருந்தத ஸ்டோர்லயே விட்டுட்டேன். உங்கம்மா சாமித் தட்டுல அவன் போட்டோ பக்கத்துல வச்சிருக்கிற மீட்டர எடுத்து நீட்டினா. அவன் சட்டைப் பையில கெடந்து வந்த மீட்டரு, மஞ்சள் கலர், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதுக்குப் பூ வைக்கிறா. நான் கை நீட்டல. புள்ள சாமானத் தொட ஏன் பயப்படுறீங்கன்னு கேட்டா. வேணாம், டெஸ்டர்லயே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.

கம்பியூட்டர் எழும்பி, அந்தப் புரோகிராமத் தொறந்தா ஒரு பொட்டி மாதிரி வந்து இங்கிலீசுல ஏதோ கேட்டுச்சு. தனுஷனுக்குப் படம் பிடிச்சு அனுப்பினேன். போன தடவ இத மூடாமலே கரண்ட் போயிருக்கு மாமா, பாதியில நின்ன ரெக்கார்டிங் ஒண்ணு இருக்காம், மீட்டுத் தரவா, தூக்கிப் போட்டுறவான்னு கேக்குதுன்னான். போன தடவன்னா என்னைக்குன்னு கேட்டேன். பேர் வைக்காத ரெக்கார்டிங்குக்கு மிசினே தேதியும் நேரமும் போட்டு வச்சிருக்கும், நீங்களே பாருங்கன்னான். பாத்தேன். மண்ணு சரிஞ்ச அதே நாளு. பிற்பகல் ரெண்டு அம்பத்தெட்டு. மீட்டுக் குடுன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டு, பிறகு கேக்கலாம்னு அத ஒரு பக்கம் ஒதுக்கி வச்சேன். உங்கம்மாகிட்ட மூச்சு விடல.

மொதல்ல சவால முடிப்போம்னு, மறுநாள் காலையில அவ மலைக்குப் போனதும் கிட்டார மாட்டி, ரெக்கார்ட் போட்டு, காம்பரா கதவ ஒருக்களிச்சு, வீட்டப் பூட்டிட்டு நானும் பொகவந்தலாவை டவுனுக்குப் போயிட்டேன். சாயந்திரம் வந்து ஹெட்போன மாட்டிக் கேட்டேன். உர்ர்ருன்னு ஒரு இரைச்சல், அது கரண்டோட இரைச்சல், கிட்டார் மாட்டினா எப்பவும் இருக்கும். ஆனா கம்பியில மனுசக் கை பட்டா அந்த இரைச்சல் சட்டுனு அடங்கும், கைய எடுத்தா மறுபடி எழும்பும். இது நான் கத்துக்கிட்ட பாடம் இல்ல, தொழில்ல கண்டது. அந்த ரெக்கார்டிங்ல பன்னெண்டு மணி கடந்ததும் இரைச்சல் திடீர்னு அடங்கிருச்சு. ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் இல்ல, ஒம்பது நிமிசம். யாரோ கம்பி மேல கைய வச்சுக்கிட்டு வாசிக்காமலே இருக்காங்க. பூட்டின வீடு, நான் டவுன்ல. உனக்குச் சொல்றதுக்கு என்ன வெக்கம், டேய் பிரதாப்புன்னு வாய் விட்டே கூப்பிட்டுட்டேன்.

மறுநாள் மத்தியானம் போய் ஒளிஞ்சு நின்னு பாத்தேன். உங்கம்மாதான். மத்தியானக் கொழுந்த எடை போட்டுட்டு ஓட்டமா வந்து, இடுப்புல கட்டின படங்குச் சாக்கு கூட அவுக்காம, கட்டில்ல குந்தி, கிட்டார மடியில வச்சு ஆறு கம்பி மேலயும் உள்ளங்கைய வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கா. என்னடி பண்றன்னேன். அழுகிற புள்ளையக் கையமத்துற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு, அது முனகுதுங்க, நான் பிடிச்சாத்தான் அடங்குதுன்னா. அவ மலைக்குத் திரும்பிப் போனதும் கதவச் சாத்திட்டு, ஒதுக்கி வச்சிருந்தத எடுத்துக் கேட்டேன்.

மகளே, நாப்பத்தொம்பது நிமிசம். கிட்டார் நேரா கம்பியூட்டருக்குள்ள போறதால அவன் குரல் இல்ல, மழை இல்ல, கம்பி மட்டும்தான். ஏதோ ஒரு மெட்டு வாசிக்கிறான், ஒரே இடத்துல விரல் தப்புது, நிறுத்துறான், மறுபடி முதல்ல இருந்து. அந்த இடத்துல மட்டும் பதினோரு தடவ தப்பு விட்டான், நான் எண்ணினேன். பன்னெண்டாவது தடவ சரியா வந்துருச்சு, எனக்கே கைதட்டணும் போல இருந்துச்சு. அந்தச் சந்தோசத்துலயே வாசிச்சுக்கிட்டே போறான், முப்பத்தோராவது நிமிசத்துல டிர்ரிக் டிர்ரிக் டிர்ரிக்குன்னு ஒரு சத்தம் குறுக்க வருது. ரேடியோ பக்கத்துல போன் வச்சா, போன் அடிக்கிறதுக்கு முன்னாடி வருமே, அது. வாசிப்பு நின்னுருச்சு. கொஞ்ச நேரத்துல இரைச்சல் எழும்பிருச்சு, கம்பிய விட்டுட்டான். அதுக்கப்புறம் அவன் கை அந்தக் கம்பியில படவே இல்ல. ரெண்டு அம்பத்தெட்டோட முப்பத்தொண்ணக் கூட்டிப் பாரு. மூணு இருபத்தொம்பது. உன் போனுக்குப் பன்னெண்டு நிமிசம் முன்னாடி. நீ கூப்பிட்டப்ப அவன் வீட்டுல இல்ல தாயி, மழையில நனைஞ்சுக்கிட்டு அந்தக் குறுக்குப் பாதையில பாதி தூரம் இறங்கியிருந்தான். நடந்துக்கிட்டேதான் உனக்குச் சரிக்கா போறேன்னு சொல்லியிருக்கான். உன் போன்ல கேட்ட மழை நம்ம தகரத்து மழை இல்ல. மூணு நாப்பத்தொண்ணுக்கு அந்தக் காம்பராவுல எந்தப் போன் சத்தமும் இல்ல, நான் அந்த இடத்த மட்டும் இருபது தடவ போட்டுக் கேட்டேன்.

இதோட நிறுத்தியிருக்கலாம். அவன் ஏதோ வேலையா ஏற்கெனவே வெளிய போயிருக்கான், உன் மேல தப்பில்ல, கவலைய விடுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா உன் பாரமும் இறங்கியிருக்கும், என் மானமும் மிச்சம். ரெண்டு தாள் அப்படித்தான் எழுதினேன். கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். அந்த டிர்ரிக் டிர்ரிக் யாரோட போனுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு மூணு இருபத்தஞ்சுக்கு ஸ்டோர்ல ரெண்டாம் நம்பர் ரோலரு நின்னுருச்சு, டீமேக்கர் ஐயா தலைக்கு மேல நிக்கிறாரு, பையத் தொறந்தா என் மீட்டர் இல்ல. கிட்டார்க் கம்பி கடிக்குதேன்னு, நான் போட்டுக் குடுக்காத எர்த்தத் தானே பாக்கிறதுக்காக முந்தின நாள் அவன் எடுத்து வச்சிருந்தான். எனக்கு ஆத்திரம் கண்ண மறைச்சிருச்சு. போனப் போட்டு, என் மீட்டரு உனக்கு விளையாட்டுச் சாமானாடா, பத்து நிமிசத்துல இங்க வரலன்னா அந்தக் கம்பியெல்லாம் அறுத்து எறிஞ்சுருவேன்னு கத்தினேன். மழை ஊத்துதுப்பா, கொஞ்சம் விடட்டுமேன்னான். நீ என்ன சீனியா கரைஞ்சு போறதுக்குன்னு கேட்டேன். அதுதான் நான் அவன்கூடப் பேசின கடைசி வார்த்தை.

ஸ்டோருக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அந்த முடக்கு வரைக்கும் ஒரே பாதைதான், அதனால யாருக்கும் சந்தேகம் வரல. ஆஸ்பத்திரியில பொலிஸ்காரர் ஒருத்தரு சட்டைப் பைச் சாமானெல்லாம் ஒரு பையில போட்டுக் குடுத்தாரு, மீட்டர எடுத்துக் காட்டி மகனோடதான்னு சிங்களத்துல கேட்டாரு. ஓவ், ஆமான்னு தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டுல தொடங்கினது. வீட்டுக்கு வந்தா எல்லாரும் உன் போனப் பத்திப் பேசுறாங்க. நான்தான் கூப்பிட்டேன்னு சொல்ல வாயத் தொறந்தேன், சாமி சத்தியமாத் தொறந்தேன், உங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டு மூடிக்கிட்டேன். இப்ப வேணாம், எட்டாம் நாள் சடங்கு முடியட்டும், கருமாதி முடியட்டும்னு நானே எனக்குத் தவணை குடுத்துக்கிட்டேன். என் மீட்டர என் புள்ள சாமான்னு சாமித் தட்டுல வச்சு, தினம் காலையில அதுக்கு முன்னாடி நின்னு துன்னூறு பூசுனேன். நீ கடல் தாண்டி ஒத்தையில கெடந்து என் பழியச் சுமந்த, நான் இங்க சுடுசோறு தின்னேன். இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல, அப்பன்ங்கிற பேர் மட்டும் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு, அதக் கேட்டுட்டுப் பயந்துறாத. அவன் கைய எடுத்த பிறகு பதினெட்டு நிமிசம் வெறும் இரைச்சல்தான். கட்டில்ல கிட்டார வச்சுட்டு, வந்து தொடரலாம்னு ரெக்கார்ட நிறுத்தாமலே போயிருக்கான். இடி இடிக்கையில கம்பி லேசா முனகுது, அடங்குது. கடைசியில, நாப்பத்தொம்பதாவது நிமிசம், யாரும் தொடாமலே ஆறு கம்பியும் ஒண்ணா அதிருது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். அத்தோட எல்லாம் நின்னு போச்சு, கரண்ட் போயிருச்சு. முடக்குல சரிஞ்ச மண்ணு கரண்ட் போஸ்டையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போச்சு. அந்த அதிர்வு என்னன்னு உனக்கு நான் எழுத வேண்டியதில்ல. உங்கம்மா கேக்கிற முனகல நான் இனிமே இல்லன்னு சொல்ல மாட்டேன். லொறியா இருக்கலாம், எனக்குத் தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட பிறகு உங்கம்மாவ அந்தக் காம்பராவுல உக்கார வச்சு ஹெட்போன மாட்டி விட்டேன். நாப்பத்தொம்பது நிமிசமும் ஆடாம அசையாமக் கேட்டா. டிர்ரிக் டிர்ரிக் வந்த இடத்துல நான் என் நெஞ்சத் தொட்டுக் காட்டினேன், அது நான்தான்னு. புரிஞ்சுக்கிட்டா. முடிஞ்சதும் எல்லாத்தையும் சொன்னேன், சீனின்னு கேட்டது வரைக்கும். அடிப்பான்னு நெனைச்சேன், கூப்பாடு போடுவான்னு நெனைச்சேன். எந்திரிச்சுப் போய்ச் சாமித் தட்டுல இருந்து மீட்டர எடுத்து, பூவ உதுத்துட்டு, என் கையில வச்சு, இது உங்க சாமான், நீங்களே வச்சுக்குங்கன்னா. அவ்வளவுதான். பிறகு நாலு நாள் என்கூடப் பேசல, சோறு போடுவா, தட்ட வச்சுட்டுப் போயிருவா. அஞ்சாம் நாள் அவளுக்கு எழுதியாச்சான்னு கேட்டா. நீயும் ரெண்டு வரி எழுதுன்னேன். வாயால சொன்ன வார்த்தைய வாயாலதான் திருப்பி எடுக்கணும், அவ மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன்னா. அன்னைக்குச் சொன்னதுல இருந்து அவளும் ஒழுங்காத் தூங்கினதில்ல மகளே, அத மட்டும் நான் சாட்சி சொல்றேன்.

வர்ற ஜூன் இருபது சனிக்கிழமை தம்பிக்குத் திவசம். கருமாதிக்கு வந்த லயத்துச் சனம் அத்தனை பேரையும் வீடு வீடாப் போய் நானே கூப்பிட்டிருக்கேன். படையல் போட்டுக் கும்பிட்டு முடிஞ்சதும், அவங்க சாப்பிட உக்காரும் முன்னாடி, வாசல்ல நின்னு நான்தான் அவனக் கூப்பிட்டேன், என் மகள் இல்லன்னு சொல்லப் போறேன். அதக் கேட்டுட்டு சாப்பிடுறவங்க சாப்பிடட்டும், எந்திரிச்சுப் போறவங்க போகட்டும். தனுஷனும் வர்றான், அவன் போன்ல உன்னக் கூப்பிட்டுச் சத்தமா வச்சுக்கிட்டு நிப்பான், இங்க நேரத்துக்குக் காலை பத்து மணி. நீ என்கூட ஒரு வார்த்தை பேச வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இரு. நான் பாதியில முழுங்கினா, அப்பா சொல்லுங்கன்னு நீ அங்க இருந்து அதட்டு. அதுக்குப் பிறகு திட்டணும்னா திட்டு, என்னோட பேசவே வேணாம்னு தோணுனாலும் அது உன் நியாயம், ஆனா உங்கம்மாவ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ. பென்டிரைவக் கேக்கணும்னா ஒத்தையில உக்காந்து கேக்காத, யாரையாவது பக்கத்துல வச்சுக்க. முப்பத்தோராவது நிமிசத்தோட நிறுத்திக்க, அதுக்கு மேல வேணாம். அந்தப் பன்னெண்டாவது தடவைய மட்டும் நல்லாக் கேளு, சுத்தமா வாசிச்சிருக்கான்.

உடம்பப் பாத்துக்க தாயி. நீ எந்தப் பாவமும் பண்ணாதவ, உனக்கு ஒரு கெடுதலும் வராது, எங்க இருந்தாலும் நல்லா இருப்ப, வயித்துல பொறந்த உனக்கு வாழ்த்துச் சொல்ற தகுதி எனக்கு இருக்கோ இல்லையோ, உங்கம்மா வாழ்த்தையும் சேத்துத்தான் எழுதுறேன். சனிக்கிழமை பத்து மணி, போன சார்ஜ்ல போட்டு வை, மறந்துறாத.

இப்படிக்கு,
அன்னைக்கு அவனக் கூப்பிட்ட அப்பன்
பழனியாண்டி